எலிநூறு தோட்டம்

கோலக்கெட்டில் பாசார் முனையில் என் போட்டோஸ்டேட் கடை.
பாரம் நிரப்பித் தருவேன், ஒன்றுக்கு மூன்று வெள்ளி.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
முப்பது வருடமாக எழுதுகிறேன்
பிரின்சஸ் எலியனோரா எஸ்டேட்.
எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வது
எலிநூறு.

நூறுதானா என்று யாரும் எண்ணியதில்லை.
ஒட்டுப்பால் கொட்டகையில் மட்டும்
அதற்கு மேல் தேறும் என்பார் அப்பா.

எங்கோ ஒரு சக்கரவர்த்தி
கம்பெனியில் பணம் போட்டிருந்தார்.
மூத்த மகள் கல்யாணத்துக்கு
எண்ணூறு ஏக்கர் ரப்பர் அவள் பெயரை ஏற்றது.
ஆபீஸ் சுவரில் அவர்கள் படம்:
அவள் நடுவில்,
ஒரே துணியில் தைத்த காலரோடு மூன்று தங்கைகள்,
ஓரத்தில் மாலுமிச் சட்டையில் தம்பி,
அவன் கையில் மர வாத்து.

அந்த ஆபீசைக் கூட்டியவள் அம்மா.
தினம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
அந்த வீட்டுச் சேதியெல்லாம் அவளுக்கு அத்துப்படி.
"பெரியவளுக்குப் பல்வலி,
வாயத் தொறக்கவே மாட்டேங்கிறா பாரு.
சின்னவளுக்குச் சிரிப்பு அடங்கல.
பய வாத்தக் கீழ வைக்க மாட்டேன்னிருப்பான்,
அதான் அதோடவே புடிச்சிட்டாங்க."

ரப்பர் போனது. செம்பனை வந்தது.
அதுவும் போய்
இப்போது தாமான் ஸ்ரீ எலியனோரா,
காவல் கூண்டில் ஒரு நேப்பாளி.

போன மாதம், மழை விட்ட மத்தியானம்,
கிராப் காரிலிருந்து இறங்கினாள் ஒரு வெள்ளைக்காரி.
காலணி முழுக்கச் செம்மண், கக்கத்தில் பிளாஸ்டிக் கோப்பு.
பெயர் மார்த்தா.
பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு வேலை.
எலியனோராவின் பேத்திக்கு மகள்.
அரண்மனை போல ஏதாவது இருந்ததா என்றாள்.
பீலி இருந்தது, பால் நிறுக்கும் தராசு இருந்தது.
அவள் இங்கே வந்ததே இல்லை, என்றேன்.
தெரியும், என்றாள்.

மைலோ ஆறிக்கொண்டிருந்தது. கோப்பைத் திறந்தாள்.

பேரரசு சரிந்த வாரம்
தம்பி ஒரு ரயில் நிலையத்தில் காய்ச்சலில் போனான்.
(வாத்து என்னவாயிற்று? கேட்க வாய் வரவில்லை.)
தங்கைகள் மூன்று நாட்டில், மூன்று பெயரில்.
புருஷன் வேலை தேடிக் கப்பல் ஏறினான்,
ஒரு தபால் அட்டை வந்தது.
ரொட்டிக் கடை மாடியில்
இரண்டு பிள்ளைகளோடு
டஜன் கணக்கில் கோட்டுப் பொத்தான் தைத்தாள்
சக்கரவர்த்தியின் மூத்த மகள்.
தோட்டத்துப் பங்குப் பத்திரம் பெட்டி அடியிலேயே கிடந்ததாம்,
செல்லாது என்று மூன்று வங்கி சொன்ன பிறகும்.

கடைசியாக ஒரு மஞ்சள் அட்டை.
எந்த நாட்டவர் என்ற இடத்தில்
ஒரு கோடு.
டைப்ரைட்டரில் அடித்த நீளக் கோடு.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
பசைப்புட்டிக்கும் முத்திரைகளுக்கும் அடியில் துழாவி
அம்மாவின் சிவப்பு ஐசியை எடுத்து வைத்தேன்.
பிறந்தது இங்கே, இறந்தது இங்கே.
நான்கு முறை விண்ணப்பம்.
கடைசி மூன்றும் என் கையெழுத்து.
பிறப்பைப் பதியாமல் விட்ட கிராணி
எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.
தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்
என்றார்கள் கவுண்டரில்,
ஆபீசை இடித்த மறு வருடம்.

மார்த்தா இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
வெகுநேரம் பார்த்தாள்.
"இவங்களுக்கு எங்க குடும்பத்தத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.
அந்தப் பல்வலி சரியாயிற்றா என்று
உங்களைக் கண்டதும் கேட்டிருப்பாள்.

இரண்டையும் ஒரே தாளில் நகல் கேட்டாள்.
கண்ணாடியைத் துணியால் துடைத்தேன்,
மூடியைச் சாத்தினேன், பச்சை ஒளி ஓடியது.
இருபது காசு.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
பெட்டியில் போட்டுக்கொண்டேன்.